ஐந்து வெடித் துவக்கின் அழகு

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை நகரிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம் ஒரு வேட்டைக்காரரின் ஞாபகார்த்தமாக எழுந்த கட்டடம் என்பதை இன்று அதன் வழியே போகிறவர்களுள் அறிந்தவர் சிலரே. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து நல்ல நிர்வாகி என்று பெயரெடுத்து, 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டுபோன மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரே அவர். அவர் செய்த நிர்வாகத்தை மறந்துவிட்ட உலகம், ஏறத்தாழ 1,400 யானைகளை அவர் சுட்டு வீழ்த்தினார் என்ற கணக்கை மட்டும் மறக்கவில்லை. ஊவாவின் வேட்டைத் துவக்குகளைப் பற்றி எழுதப் புகும் எவரும் இந்தப் பயங்கரமான தொகையைக் கடந்துதான் மேலே செல்ல வேண்டும். வீழ்ந்த உயிர்களை எண்ணித் துவக்கின் பெருமையை நிர்ணயிப்பது ரசனைக்கு முற்றிலும் விரோதமானது என்பது என் திடமான அபிப்பிராயம். உருக்கையும் மரத்தையும் கொண்டு ஒரு கடினமான சிக்கலை அவிழ்த்த மனிதனின் புத்தியையும், அதைக் கண்ணுக்கினிய வடிவில் நிறைவேற்றிய தொழிலாளியின் கையையும் கண்டு மகிழவே நான் பழைய துவக்குகளைத் தேடிப் போகிறேன்.

கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலத்தில், பசறையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் மலைமுகடுகளில் அமைந்த தோட்டப் பங்களாக்களில், பெரிய துரையின் அறைச் சுவரை ஒட்டிக் கண்ணாடிக் கதவிட்ட ஒரு துவக்கு அலமாரி இருப்பது சாதாரணம். அதில் முதலிடம் பெற்றவை ஆங்கில நாட்டு இரட்டைக் குழல் துவக்குகளே. பர்டி, ஹொலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பெயர்களைத் துரைமார் உச்சரிக்கும் தொனியிலேயே குல கௌரவம் ஒலிக்கும். வயல்வெளியில் கிறுக்கிக் கிறுக்கிப் பறக்கும் உள்ளானுக்கும், புதரிலிருந்து சீறியெழும் காட்டுக்கோழிக்கும் இரண்டு வெடிகள் போதும், அதற்கு மேல் கேட்பவன் வேட்டையின் மரியாதையை அறியாதவன் என்பது அவர்களுடைய சம்பிரதாயம். அதனால், ஒரு முறை விசையை இழுத்ததும் வெற்றுத் தோட்டாவைத் தானே வீசியெறிந்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிரௌனிங்கின் ஐந்து வெடித் துவக்கை, தோள்பட்டையில் கூனல் விழுந்தது போன்ற அதன் வடிவத்தையும் சேர்த்து, அவர்கள் அலட்சியமாகவே நோக்கினார்கள். இரண்டு வெடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அந்தக் கட்டுப்பாடு சுடுபவனிடம் இருக்க வேண்டிய குணம், துவக்கின்மேல் ஏற்றிச் சொல்லத்தக்க குறை அன்று. அந்த அலட்சியத்தினால் அவர்கள் ஒரு மகத்தான சிருஷ்டியின் உள்ளழகைக் காணாமலே போய்விட்டார்கள்.

அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்து ஒக்டன் நகரில், துவக்குச் செய்யும் தகப்பனுக்கு மகனாக 1855இல் பிறந்த ஜோன் மோசஸ் பிரௌனிங், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் இந்த யந்திரத்தைச் சிந்தித்து முடித்து, 1900இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை தம்முடைய வேட்டைத் துவக்குக் கண்டுபிடிப்புகளை மொத்த விலைக்கு வாங்கிவந்த வின்செஸ்டர் கம்பெனியிடம், இம்முறை விற்கும் ஒவ்வொரு துவக்குக்கும் உரிய பங்கு வேண்டுமென்று அவர் கேட்க, அவர்கள் இணங்கவில்லை. அங்கிருந்து ரெமிங்டன் கம்பெனிக்குச் சென்றார். 1902 ஜனவரியில், அவரைச் சந்திக்கவிருந்த தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி, அவர் வெளியே காத்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்துபோனார். வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார்; பிரௌனிங்கோ கப்பலேறிப் பெல்ஜியம் சென்று, எர்ஸ்டால் ஊரின் எஃப்.என். தொழிற்சாலையோடு அதே ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டார். ராணுவத்துக்கு மவுசர் துவக்குகள் செய்வதற்காக 1889இல் ஸ்தாபிக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை, லியேஜ் நகரைச் சூழ்ந்த பிரதேசத்தின் பல தலைமுறைத் துவக்குக் கம்மியரின் கைவண்ணத்தைச் சுவீகரித்துக்கொண்டது. அமெரிக்கனின் யுக்தியும் பெல்ஜியரின் கையும் சேர்ந்த அந்தச் சேர்க்கையே இத்துவக்கின் விசேஷம். பின்னர் ரெமிங்டனும் அனுமதி பெற்று 1905 முதல் இதையே வேறு பெயரில் செய்தது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு, பெல்ஜியத்துக் குழலின் கருநீல மெருகும், உடற்பெட்டியின்மேல் உளியால் இழைத்த கொடிவேலைப்பாடும் தனித்துத் தெரியும்.

இனி அதன் உள்ளே செல்வோம். துவக்கு வெடித்தவுடன் சுடுபவனின் தோளை உதைக்கும் அந்த விசையை, பிரௌனிங்குக்கு முன் வேட்டைத் துவக்குச் செய்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு துன்பமாகவே கருதினார்கள். அவரோ அதையே யந்திரத்தை ஓட்டும் சக்தியாகக் கொண்டார். வெடித்த கணத்தில் குழலும், அதன் பின்வாயை அடைத்து நிற்கும் தாழும், ஒன்றையொன்று பூட்டிக்கொண்டபடியே தோட்டாவின் நீளத்தையும் விஞ்சிய தூரம் பின்னோக்கி ஓடுகின்றன. ஓட்டத்தின் முடிவில் தாழ் பின்னாலேயே பிடித்து நிறுத்தப்பட, குழல் மட்டும் சுருள்வில்லின் வலியினால் முன்னே திரும்புகிறது. தாழின் கொக்கியில் மாட்டி நிற்கும் வெற்றுத் தோட்டா, குழல் தன்னைவிட்டு நழுவிப் போனதால் வெளிப்பட்டு வலப்புறமாக எறியப்படுகிறது. கீழிருக்கும் தோட்டாக் குழாயிலிருந்து அடுத்தது வந்து ஏந்தியில் அமர்ந்ததும், பிடி விடுபட்ட தாழ் அதைத் தள்ளிக்கொண்டு சென்று அறையை மூடுகிறது. இமைப்பொழுதுக்குள் நடந்து முடியும் இவ்வளவையும், கவனித்துச் சுடுபவன் தோளில் அடுத்தடுத்து வரும் இரண்டு தட்டுதல்களாக உணரலாம்.

ஆனால் என் உள்ளத்தைப் பெரிதும் கொள்ளைகொண்டது இதுவும் அன்று. முன்கட்டையைக் கழற்றினால், தோட்டாக் குழாயைச் சுற்றிய பெரிய சுருள்வில்லின் தலையில் ஒரு வெண்கலக் கவ்வியும், ஒருபுறம் சரிவாகச் சீவப்பட்ட ஓர் உருக்கு வளையமும் காணப்படும். பன்றிக்கான கனத்த தோட்டாவைச் சுடும்போது அந்த வளையத்தைச் சுருள்வில்லுக்கும் கவ்விக்கும் நடுவே, சரிவு கவ்வியை நோக்கும்படி வைத்தால், அது வெண்கலத்தை நெருக்கிக் குழாயை இறுகப் பற்றச் செய்து குழலின் ஓட்டத்தைத் தடுத்து மெதுவாக்குகிறது. தோட்டத்து இறக்கத்தில் வண்டிக்காரன் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது எப்படியோ அப்படி. உள்ளானுக்குரிய இலேசான தோட்டாவாயின், வளையத்தை எடுத்துச் சுருள்வில்லின் பின்பக்கத்தில், உடற்பெட்டியை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். கவ்வி தளர்ந்து, சிறு விசையும் யந்திரத்தை ஓட்டப் போதுமானதாகிறது. மோதிரத்தினும் சற்றுப் பெரிதான ஒரு வளையத்தின் இடமாற்றத்தினால் ஒரே துவக்கு இருவேறு பலங்களுக்கு இசைந்து கொடுக்கிறதே, இந்த எளிமையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உடற்பெட்டியின் இடப்புறத்தில் இன்னொரு சிறு நெம்புகோலும் உண்டு. அதைத் திருப்பிவிட்டால் தோட்டாக் குழாயில் உள்ளவை அப்படியே நிற்க, கையிலுள்ள வேறொரு தோட்டாவை அறையில் இடலாம். காட்டுக்கோழிக்காகச் சென்றவன் மானாப் புல்லின் மறைவில் காட்டுப்பன்றியின் உறுமலைக் கேட்டு நிற்கும்போது, அதன் அருமை விளங்கும்.

துரைமாரின் பழைய குறைகூறலில் ஒன்று மட்டும் நியாயமானது. அக்காலத் தோட்டாக்கள் கடதாசியால் செய்யப்பட்டவை; வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களில், சுவரே வியர்க்கும் மலைநாட்டுப் பங்களாவில் அவை ஈரம் உண்டு பருத்துப்போக, இரட்டைக் குழலில் கையால் அழுத்தி இட்டுவிடலாம், தானியங்கியிலோ பாதிவழியில் சிக்கி நின்றுவிடும். ஊவாவின் சுவாத்தியமே துவக்குக்கு ஒரு கடும் பரீட்சைதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வீசும் வறண்ட காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைக் கொடுக்கும் அதே காற்று, துவக்கின் வால்நட் கட்டையை உலர்த்திச் சுருங்கச் செய்கிறது. பின்பு வரும் மழை அதை ஊதச் செய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே துவக்கைக் காப்பாற்றியவர்கள் அதன் சொந்தக்காரர்கள் அல்லர். வேட்டை முடிந்து நனைந்து திரும்பிய துவக்கை வாங்கித் துடைத்து, குழலுக்குள் துணி ஓட்டி, எண்ணெய் பூசி அலமாரியில் வைத்த பங்களா அப்புமாரும், அதைச் சுமந்துகொண்டு காடு கலைத்துச் சென்ற தோட்டத்துத் தமிழருமே அவற்றின் மெய்யான பரிபாலகர்கள். எந்த வேட்டைப் புகைப்படத்தின் அடியிலும் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை.

வாங்க விரும்பும் அன்பர்களுக்கு இலட்சணங்களைச் சொல்கிறேன். முதலில் பத்திரத்தைப் பாருங்கள், பிறகு துவக்கைப் பாருங்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அனுமதிப்பத்திரமும், அதிலுள்ள இலக்கமும் துவக்கில் பொறித்த இலக்கமும் ஒன்றாயிருப்பதும் இல்லாமல், எவ்வளவு அழகிய துவக்கானாலும் தொடாதிருப்பதே உத்தமம். கைமாற்றத்துக்கும் தனி அனுமதி பெற வேண்டும். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துவக்குகளும் கிளர்ச்சியாளரின் ஆயுதங்களுள் இடம்பெற்றன என்பதை நினைத்தால், இந்த நாட்டில் அதிகாரிகள் காட்டும் கண்டிப்பு நியாயமே என்பது புரியும்.

அடுத்ததாக முன்கட்டை. வளையத்தை இடம் மாற்றி வைக்கத் தெரியாதவர் கையில் கனத்த தோட்டாக்களைச் சுட்ட துவக்கில், குழலின் அடிதாங்காமல் முன்கட்டையில் நரம்புபோல் வெடிப்பு ஓடியிருக்கும். வெளியே மெழுகால் மறைத்திருந்தாலும் உள்ளே தெரியும். திருகாணிகளைப் பாருங்கள்: ஒவ்வொரு பெரிய திருகாணியும் கழன்றுவிடாதபடி பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு பூட்டுத் திருகாணியைப் பிரௌனிங் வைத்திருக்கிறார்; அதன் தலை சிதைந்திருந்தால், அறியாதவன் கை உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். குழலின்மேல் லியேஜ் பரிசோதனைச் சாலையின் முட்டை வடிவ முத்திரையும் அதனுள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் இருக்க வேண்டும். குழல்வாயின் நெருக்கத்தை நட்சத்திரக் குறிகள் சொல்லும்: ஒன்று முழு நெருக்கம், இரண்டு பாதி, மூன்று நேர்குழல். பிறகு துவக்கில் தோட்டா இல்லையென்று இருமுறை நிச்சயித்துக்கொண்டு, வாயை ஒரு மரப்பலகையில் ஊன்றி மெதுவாக அழுத்துங்கள். குழல் பட்டுப்போல் உள்ளே சென்று, தடையின்றி முழுத்தூரமும் திரும்பி வர வேண்டும். பாதியில் தயங்கினால், பெரும்பாலும் தோட்டாக் குழாயில் படிந்த பழைய எண்ணெயே காரணம். பண்டாரவளைக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். துவக்குக்கு அதைப் பூசியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் மேலான அழகு 16 போர் என்னும் குழலளவுள்ள துவக்குக்கே உரியது என்று நான் துணிந்து சொல்வேன். 1937இல் வெளிவந்த, ஸ்வீட் சிக்ஸ்டீன் என்று ரசிகர்களால் கொண்டாடப்படும் அந்த இலேசான வகையை, பசறைப் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றில், பத்திரத்தோடு தலைமுறைகளாகப் பேணி வந்த குடும்பத்தார் எடுத்துக் காட்ட, கையில் ஏந்திப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 12 போரின் பருமன் எங்கும் இல்லை; பொன் முலாம் பூசிய விசையும், உள்ளங்கையின் தேய்வினால் கோடுகள் மழுங்கிய பிடிக்கட்டையும், தோளில் வைத்த மாத்திரத்தில் கண் தானாகவே குழலின் நீள்கோட்டில் சென்று படிந்ததும், நான் கண்ட இரட்டைக் குழல்களில் மிகச் சிலவற்றில் மட்டுமே வாய்த்த லட்சணங்கள். கூனல் என்று இகழப்பட்ட அந்தப் பின்னுயரமே பார்வையை நேர்ப்படுத்துகிறது என்பது எடுத்துப் பிடித்தவருக்கே விளங்கும். ஒரே எச்சரிக்கை: இரண்டாம் உலக யுத்தத்துக்கு முற்பட்ட 16 போர் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர் நீளமுடையது, இன்றைய 70 மில்லிமீற்றர் தோட்டாவை அதில் இடுவது ஆபத்து. கைதேர்ந்த துவக்குத் திருத்துநர் அறையை அளந்து சொல்லும்வரை ஒரு வெடியும் சுடலாகாது.

வேட்டையைப் பொறுத்தமட்டில், 1894இல் வேட்டைக்காரர்களே கூடி வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்த தேசம் இது. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்தபின் மானும் மரையும் காட்டுக்கோழியும் நம் துவக்குக்கு உரியவை அல்ல. அதில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. பெல்ஜியத்தில் 1970களின் நடுப்பகுதி வரையும், பின்னர் ஜப்பானில் 1998 வரையும் இருபது இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட இந்தத் துவக்கு, இனிமேல் பார்த்து அறிந்து அனுபவிக்க வேண்டிய கைவினையாகவே நம்மிடையே நிலைக்கும்.

ஆகவே, ஊவாவில் எவர் வீட்டிலேனும் சட்டப்படி இத்தகைய துவக்கு ஒன்று இருக்குமானால், அவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். குழலுக்குப் புதிய கருமை ஏற்றாதீர்கள்; கட்டையைச் சுரண்டி வார்னிஷ் பூசாதீர்கள்; உருக்கு வளையத்தையும் வெண்கலக் கவ்வியையும் தொலைத்துவிடாதீர்கள். அதைச் சுமந்தவர், துடைத்தவர் பெயர்கள் நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வைத்திருக்க மனமில்லையென்றால், முறைப்படி செயலிழக்கச் செய்து, கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் போன்ற பொது இடம் ஒன்று ஏற்றுக்கொள்ளுமா என்று விசாரித்துப் பாருங்கள். வெட்டி உருக்குவதற்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.