மேகக் கணினியில் ஒரு பணிக்கூடம்

மென்பொருள் எழுதுகிறவர்களின் கைத்திறனைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள், எழுதி முடிந்த நிரலின் சிக்கனத்தையும் வேகத்தையும் சிலாகிப்பார்களே தவிர, அதன் முதல் வரி எழுதப்படுவதற்கு முன்னால் நடந்தேற வேண்டிய பூர்வாங்க ஏற்பாடுகளை ரசனைக்குரிய விஷயமாக மதிப்பதில்லை. மொழியின் உரிய பதிப்பை நிறுவி, அதற்கு வேண்டிய லைப்ரரிகளைச் சேகரித்து, டேட்டாபேஸை எழுப்பி நிறுத்துவதற்குள் புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு முதல் வாரம் கழிந்துவிடுவதும், அவருடைய மடிக்கணினியில் ஓட மறுத்த ஒன்றைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், "என் மெஷின்ல ஓடுதே!" என்று கைவிரிப்பதும் இத்துறையில் சர்வசாதாரணம். ஆயினும், அந்தப் பூர்வாங்க வேலையே இன்று ஒரு தனிக் கலையாகப் பரிணமித்திருக்கிறது என்பதும், அதில் தேர்ந்த கை எது, தேராத கை எது என்பதைச் சில வரிகளிலேயே கண்டுகொள்ளலாம் என்பதும் என் அபிப்பிராயம்.

தொலைவில் உள்ள கணினியில் நிரல் எழுதுவது நூதனமான யோசனையன்று. 1961-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர், ஒரே பெரிய கணினியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஏககாலத்தில் உபயோகிக்கலாம் என்பதைச் செய்து காட்டினார்கள். அன்று முனையத்தின்முன் அமர்ந்தவருக்குக் கிடைத்தது பொதுச் சொத்தில் ஒரு பங்கு. இன்று கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் போன்ற சேவைகளில் கிடைப்பதோ, எடுத்துக்கொண்ட அந்த ஒரு வேலைக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டு, வேலை முடிந்ததும் சிறிதும் கூசாமல் அழித்துவிடக்கூடிய ஒரு லினக்ஸ் சூழல். 2013-இல் டாக்கர் வெளிவந்து நிரலை அதற்கு வேண்டிய சூழலோடு சேர்த்துக் கட்டிவைக்கும் கன்டெய்னர் முறையைச் சாமானியர்க்கும் எளிதாக்கியிராவிட்டால் இது இவ்வளவு சுலபமாகியிராது.

இந்தக் கலையின் ஜீவன் ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. நிரல்களோடு சேர்ந்து, அவற்றின் களஞ்சியமான ரெப்போவிலேயே வாசம் செய்யும் டெவ்கன்டெய்னர்.ஜேசன் என்னும் அந்தக் கோப்பு, இமேஜ் எனப்படும் எந்த மூலப் படிவத்திலிருந்து சூழல் எழ வேண்டும், அதன்மேல் எந்தக் கருவிகள் சேர வேண்டும், எந்த போர்ட் வழியாக உலாவியில் பக்கம் தெரிய வேண்டும், எடிட்டரில் எந்த எக்ஸ்டென்ஷன்கள் காத்திருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் விதித்துவிடுகிறது. இத்தகைய கோப்பு ஒன்று என் பார்வைக்கு வந்தால் நான் முதலில் நோக்குவது இமேஜின் பதிப்பு எண்ணைத்தான். அவ்விடத்தில் 'லேட்டஸ்ட்' என்று எழுதியிருந்தால், இன்று எழும் சூழலும் அடுத்த மாதம் எழும் சூழலும் ஒன்றாயிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. அந்த உத்தரவாதத்துக்காகத்தானே இவ்வளவு பிரயத்தனமும்? பாஸ்வேர்டையோ ஏபிஐ கீயையோ கோப்பிலேயே எழுதிவைப்பதை அரசிகம் என்று சொல்லி விட்டுவிட முடியாது, அது குற்றம். இரகசியங்களைக் கிட்ஹப்பின் அமைப்புப் பகுதியில் தனியே கொடுத்துவிட்டால், சூழல் இயங்கும்போது அவை மாறிகளாக வந்து சேரும்.

மெய்யான நேர்த்தி வெளிப்படுவது கட்டளைகளின் முறைவைப்பில். ஆன்கிரியேட், அப்டேட்கன்டென்ட், போஸ்ட்கிரியேட் என்று கட்டளைகளை வைப்பதற்கு வெவ்வேறு கட்டங்கள் உண்டு. இவற்றுள் முதலிரண்டும், யாரும் கேட்பதற்கு முன்பாகவே சூழலைத் தயாரித்து வைக்கும் 'ப்ரீபில்ட்' என்ற ஏற்பாட்டின்போதே நிறைவேறிவிடும். மூன்றாவதோ, சூழல் இன்னாருக்கு என்று நிர்ணயமான பிறகே ஓடும், அந்த நபருக்கே உரிய இரகசியங்களும் அப்போதுதான் கைக்கு வரும். கல்யாணச் சமையலில் காய்கறி நறுக்குவதை முதல்நாள் இரவே முடித்து, அப்பளம் பொரிப்பதைப் பந்தியில் இலை விழுந்த பிறகு வைத்துக்கொள்ளும் தலைமைச் சமையற்காரரின் விவேகம் இங்கேயும் வேண்டியிருக்கிறது. நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை இறக்கும் கட்டளையைப் போஸ்ட்கிரியேட்டில் வைத்தவர், வருகிறவர் ஒவ்வொருவரையும் பசியோடு காக்க வைக்கிறார்.

இந்த விவேகத்தின் பலனுக்குக் கிட்ஹப் நிறுவனமே தக்க உதாரணம். 2021-இல் அதன் பொறியாளர்கள் தங்கள் வேலையையே கோட்ஸ்பேசஸுக்கு மாற்றிக்கொண்டபோது, அவர்களுடைய பிரதான ரெப்போ ஏறத்தாழ 13 ஜிபி கனத்துடன் இருந்தது. அதைப் பிரதியெடுக்க மட்டும் 20 நிமிஷம், சூழல் முழுவதும் எழுந்து நிற்க 45 நிமிஷம். பழைய சரித்திரம் முழுவதையும் சுமக்காமல் அண்மைய நிலையை மட்டும் எடுத்து, பொதுவான வேலைகளை இரவிலேயே செய்துவைத்து அதை 5 நிமிஷத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு, சூழல்களைத் தயார் நிலையில் நிறுத்திவைத்து 10 விநாடியாக்கினார்கள். இயந்திரத்தின் பலத்தைக் கூட்டியதைக் காட்டிலும், எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று யோசித்ததே இதில் பெரிதாக எனக்குப் படுகிறது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். கணினி கடல் கடந்து எங்கோ இருக்க, நாம் தட்டும் எழுத்து மட்டும் எப்படிச் சுணக்கமின்றித் திரையில் விழுகிறது? விஎஸ் கோட் எடிட்டரின் முகப்பு நம் உலாவியிலேயே ஓடுகிறது. கோப்புகளும், நிரலைப் பரிசீலிக்கும் எக்ஸ்டென்ஷன்களும் அக்கரையில் இருக்கின்றன. டெர்மினலில் இந்தச் சௌகரியம் இல்லை, ஒவ்வோர் எழுத்தும் அக்கரை சென்று திரும்ப வேண்டும். ஆகவே, இணைப்பு மந்தமானால் எடிட்டர் அந்த எழுத்தைத் தானே ஊகித்து மங்கலாகக் காட்டி, உண்மையான பதில் வந்தபின் தெளிவாக்குகிறது. இதைக் கவனிக்காமலே வருஷக்கணக்கில் உபயோகிக்கிறவர்கள் இருப்பார்கள்.

பகிர்ந்துகொள்ளும் கோப்பில் தம் சொந்த ருசிகளைத் திணிக்கிறவர்களும் உண்டு. தமக்குப் பிடித்த வர்ணம், தமக்குப் பழகிய ஷெல், தம் குறுக்குவழிகள் ஆகிய யாவும் ஒவ்வொருவரும் தனியே வைத்துக்கொள்ள வேண்டிய டாட்ஃபைல்ஸ் ரெப்போவுக்கு உரியவை. அது சூழல் பிறக்கும்போது தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். திட்டத்துக்கு அவசியமானதைத் தவிர வேறொன்றும் இல்லாத கோப்பே என் கண்ணுக்கு அழகு.

குறை இல்லாமலும் இல்லை. இணைய இணைப்பு அறுந்தால் உலாவியில் வேலை நின்றுபோகும். 30 நிமிஷம் தொடாதிருந்தால் இயந்திரம் தானே அணையும். சூழலைத் திரும்பக் கட்டும்போது, வொர்க்ஸ்பேசஸ் அடைவுக்கு வெளியே கைப்பட நிறுவியதெல்லாம் போய்விடும். இந்தக் கடைசிக் குறையை நான் பரீட்சையாகவே உபயோகிக்கிறேன். சேமிக்க வேண்டிய நிரலைச் சேமித்துவிட்டுச் சூழலை அடியோடு அழித்துப் புதிதாக எழுப்பிப் பாருங்கள்; ஒரு கட்டளையைக்கூடக் கையால் தட்டாமல் வேலை தொடங்க முடிந்தால் கோப்பு தேறிவிட்டது. தனி நபர் கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டு கோர் இயந்திரம் மாதம் 60 மணி நேரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்தப் பரீட்சைக்கு அதில் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.