ஆல்மாலினக்ஸ் 10: பழைய பிராசசருக்கும் ஒரு பதிப்பு

மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 உள்ள 2012-ஆம் ஆண்டு லேப்டாப்பில் ஆல்மாலினக்ஸ் 10-இன் வி2 பதிப்பைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். க்னோம் 47 தடங்கலில்லாமல் திறக்கிறது. வைஃபை தானாகப் பிடித்துக்கொண்டது. இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆல்மாலினக்ஸ் பின்பற்றும், 2025 மே மாதம் வந்த ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இந்தப் பிராசசரில் ஓடவே ஓடாது.

அதற்கும் ஆல்மாலினக்ஸின் வழக்கமான பதிப்புக்கும் எக்ஸ்86-64-வி3 என்ற பிராசசர் நிலை கட்டாயம். ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ ஆகிய கட்டளைகள் பிராசசரில் இருக்க வேண்டும். இன்டெல்லில் இவை 2013-இல் ஹேஸ்வெல்லோடு வந்தவை. 2022-இல் வந்த ரெட்ஹேட்டின் ஒன்பதாம் பதிப்புக்கு அதற்கு முந்தைய நிலையான வி2 போதுமாயிருந்தது. வி3-க்காகக் கட்டிய சிஸ்டத்தைப் பழைய மெஷினில் பூட் செய்தால் கர்னல் எழும்; முதல் புரோகிராமை அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி தடுத்துவிடும்; அத்தோடு கர்னல் பானிக்.

பத்து வருடத்துக்கும் மேல் பழைய சிப்தானே, போகட்டும் என்று விட முடியவில்லை. இந்தக் கோடு வயதைப் பார்த்து விழுவதில்லை. 2020-இல் வந்த காமெட் லேக் பென்டியம், செலரான் சிப்களில் ஏவிஎக்ஸ்2 கிடையாது. 2021-இல் வந்த ஜாஸ்பர் லேக்கிலும் கிடையாது. விலை குறைந்த மெஷின் வாங்கியவர்தான், அது புதிதாகவே இருந்தாலும், வெளியே நிற்கிறார். அவருக்காகத் தனியாக ஒரு பதிப்பைக் கட்டித் தரும் ஆல்மாலினக்ஸ் குழுவை மனதாரப் பாராட்டுகிறேன்.

வேகம்? புதிய மெஷின் ஒன்றில் இரண்டு பதிப்புகளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸிலும் டெர்மினலிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜிலிப்சி, ஓபன்எஸ்எஸ்எல், எஃப்எஃப்எம்பெக் போன்றவை ஓடும்போதே பிராசசரைப் பார்த்துத் தகுந்த கட்டளையைத் தேர்ந்துகொள்கின்றன. எந்தப் பதிப்பானாலும் அப்படித்தான். கணக்கீடு மிகுந்த வேலை செய்பவர்களுக்கு வி3-ஆல் பலன் உண்டு. ஓபன்சூசே டம்பிள்வீட் என்ற இன்னொரு லினக்ஸ், அடித்தளத்தை உயர்த்தாமல், வி3 லைப்ரரிகளை மட்டும் தனி அடைவில் வைத்து, மெஷினுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்கிறது. டிஸ்க்கில் கொஞ்சம் கூடுதல் இடம் போகும், அவ்வளவுதான். எனக்கு அந்த வழியே பிடித்திருக்கிறது.

வி2 பதிப்பில் ஒரு குறை இருக்கிறது. ரெட்ஹேட் 10-க்கென்று வெளியார் கட்டித் தரும் ஆர்பிஎம் பேக்கேஜ்கள் வி3-ஐ எதிர்பார்த்து வருபவை. அவற்றை நம்பியிருப்பவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். கூடுதல் பேக்கேஜ்கள் அடங்கிய ஈபெல் தொகுப்பை மட்டும் ஆல்மாலினக்ஸ் குழுவே வி2-க்காக மறுபடி கட்டித் தருகிறது.

எல்எஸ்சிபியு கட்டளை தரும் பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருந்தால் வழக்கமான பதிப்பையே எடுங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் வி2-வுக்குப் போங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் 2035 வரை வரும். விர்ச்சுவல் மெஷினில் வழக்கமான பதிப்பைப் போடுபவர்கள் பிராசசர் வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். க்யூஇஎம்யுவின் இயல்பு மாடல் ஏவிஎக்ஸ்2-ஐக் காட்டாது.