பதிப்புரிமையும் பால்மரக்காட்டுப் பாட்டும்

பதிப்புரிமைச் சட்டம் எல்லாத் தொழில்களையும் ஒரே அளவில் காத்தல் வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை காண, சட்டத்தின் சொல்லையும் செயலையும் வேறுபிரித்து நோக்குதல் தகும்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இலக்கியம், இசை, கலைப்படைப்பு, திரைப்படம், ஒலிப்பதிவு, ஒலிபரப்பு ஆகிய ஆறினுக்கும் காப்பளிக்கின்றது. சொல்லளவில் கவிஞரும் பட முதலாளியும் அங்கே சமமே. செயலளவில் நிலை வேறு. கள்ளக் குறுவட்டுகள் பெருகியபோது 2000இல் ஒளிவட்டுகளுக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. திரையரங்கினுள் படத்தைக் களவாகப் பதிவு செய்தல் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிக்குற்றமாயிற்று. இழப்பைக் கணக்கிட்டுக் காட்டவல்ல தொழிலின் முறையீடு எளிதில் எட்டுகின்றது. சில நூறு படிகள் அச்சிட்டுத் தாமே சுமந்து விற்கும் ஈப்போ எழுத்தாளரின் முறையீடு எட்டுவது அரிது.

பேராக் மாநிலப் பால்மரக்காடுகளில் பிறந்த பாடல்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பெரட்டுக்களத்து இருளையும் கங்காணியின் அதட்டலையும் பாடிய பெண்களின் பெயர்கள் ஏடேறவில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின. அப்பாடலை இன்று ஒருவர் ஒலிப்பதிவாக வெளியிட்டால் அப்பதிவுக்கு 50 ஆண்டுக் காப்பு உண்டு. பாடலை ஈன்றவளுக்கோ பெயரும் இல்லை.

ஆயின், காவலை எங்கும் ஒப்ப இறுக்கினால் குறை தீருமோ? 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களே விடை தருகின்றன. அவற்றின் ஒலிப்பதிவு உரிமை பின்னர் ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்து, வழக்குக்கும் இடமாயிற்று. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளை ஏற்றபோது, அவர் பொருள் பெறாது தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். வேலி அகன்றதனால் பாரதி குன்றவில்லை, பட்டிதொட்டியெங்கும் பரவினார். அவர் பெயரும் பாட்டோடு சென்றது.

எனவே, பொருட்காப்பு வேறு, பெயர்க்காப்பு வேறு. முன்னது தொழிலின் இயல்புக்கேற்ப மிகலாம், குறையலாம். மாணவன் ஒரு கவிதையைப் படியெடுப்பதும் வணிகன் ஆயிரம் வட்டுகளைப் படியெடுப்பதும் ஒன்றல்ல. பின்னதோ, கோடி முதலிட்ட படத்துக்கும் ஏழை எழுத்தாளரின் நூலுக்கும் ஒப்ப உரியது. மேற்கூறிய சட்டத்தின் 25ஆம் பிரிவும் அதனை ஆசிரியரின் உரிமையாக ஏற்றுள்ளது. அதனைக் காக்கச் சோதனைப் படை வேண்டுவதில்லை. பள்ளி விழாவில் கவிதையொடு கவிஞர் பெயரும், தோட்டப்பாடல் அச்சேறுங்கால் அது பிறந்த தோட்டத்தின் பெயரும் சொல்லப்படின், அக்காவல் தமிழ் வகுப்பறையிலேயே தொடங்கிவிடும்.