கண்டியின் வாயில் மண்டபங்கள்

இங்கிலாந்தின் பெருஞ்செல்வர் மாளிகைகளில் தோட்ட வாயிலோரம் காவலாளி குடும்பத்தோடு வாழும் சிறு வீடு ஒன்று இருந்தது. வண்டி வரும்போது கதவைத் திறப்பது அவன் கடமை. மாளிகையின் தகுதியை வருவோருக்கு முதலில் உணர்த்துவது அந்த வீட்டின் பணி. இலங்கையின் கண்டிப் பகுதியில் இந்தப் பணியைக் குடியிருப்பு இல்லாத வாயில் மண்டபங்கள் செய்கின்றன.

புத்தரின் புனிதப் பல் உள்ள கோயிலான தலதா மாளிகையின் முதன்மை வாயிலான மகாவாகல்கட இவற்றுள் புகழ்பெற்றது. அகழியைக் கடந்து உள்ளே செல்வோரை அடியில் சந்திரவட்டக்கல்லும், இருபுறமும் கல் யானைகளும், படிகளின் மேல் மகர தோரணமும் காவற்கற்களும் வரவேற்கின்றன. அகழியும் அதையொட்டிய அலைவடிவ மதிலும் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798–1815) காலத்தவை. அருகிலுள்ள எண்கோண மண்டபம் கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரியின் படைப்பு. 1998 ஜனவரி 25 குண்டுவெடிப்பில் வாயில் பகுதி பெரிதும் சிதைந்தது. கற்சிற்பிகள் அதைப் பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பினர்.

கல்லின் கம்பீரம் கண்டியில் என்றால், மரத்தின் நளினம் எம்பெக்கே தேவாலயத்தில். கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு 14ஆம் நூற்றாண்டில் கதிர்காமக் கடவுளுக்கு அமைத்த இத்தேவாலயத்தில், வாயில் மண்டபமும் மேள மண்டபமும் செதுக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மல்லர், நடனமாதர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் எனத் தூண்களின் சதுரங்கள் நிறைந்துள்ளன.

வாசலுக்கே இத்தனை உழைப்பைத் தந்ததுதான் கண்டிக் கலைஞரின் பெருமை. இவ்விடங்களுக்குச் செல்வோர் உள்ளே விரையாமல் வாயிலில் சற்று நின்று பார்க்க வேண்டும்.