முத்திரை ஒலிகளுக்கு ஒரு பெட்டகம்

கோயில் வாசல்களிலும் உடுக்கை செய்கிறவர்களின் பட்டறைகளிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு பல வருஷம் அலைந்து சேகரித்து, இரைச்சலை நீக்கி, ஒவ்வோர் அடியையும் தனித்தனியே நறுக்கிப் பெயரிட்டு நான் வைத்திருந்த சாம்பிள்கள், ஒரு நாள் காலை ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்ற சப்தம் மாத்திரம் எழுந்து, பிறகு அதுவும் அடங்கியபோது, என்னைவிட்டுப் போயின. வாத்தியம் தொலைந்தால் வேறு வாங்கலாம். அந்த உடுக்கையை அன்று அப்படி அடித்த கை இன்று இல்லை.

அதன்பின் வாங்கியதுதான் சாம்சங் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட டி7 ஷீல்டு என்னும் எஸ்.எஸ்.டி. 98 கிராம் எடை. சட்டைப் பையில் அடங்கும். ரப்பர் போர்த்திய மேனி. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள். நான் பரீட்சிக்கத் துணியவில்லை, ஆயினும் மேஜையிலிருந்து ஒரு முறை தானே விழுந்து க்ஷேமமாக இருக்கிறது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோப் பதிவு நிமிஷத்துக்குச் சுமார் 17 மெகாபைட் பிடிக்குமாதலால், ஒரு டெராபைட்டில் 900 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. வேகம் வேறு சங்கதி. வினாடிக்கு 1,050 மெகாபைட் படிக்கும் என்ற விளம்பர வாசகம் பெரிய கோப்புக்கும் அதற்கேற்ற யு.எஸ்.பி. துளைக்குமே பொருந்தும். சாம்பிள் திரட்டோ மூட்டை அரிசியன்று, சிந்திய அரிசி. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகளைப் பொறுக்கி எடுப்பதற்குள் இச்சாதனமும் சோர்ந்துவிடுகிறது. முதலில் ஜிப்பாகக் கட்டி அனுப்பியபோதுதான் அதன் உண்மையான வேகத்தைக் கண்டேன்.

இதன் பிரதான விசேஷம் ஏ.இ.எஸ். 256 பிட் பூட்டு. வெளிவராத பாட்டின் ஒலிகளைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போகிறவனுக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் டிஸ்க்கை வெறுமையாக்கி மறுபடி உபயோகிக்கலாமேயொழிய, உள்ளிருந்தவை மீளா. கள்வனுக்கு அஞ்சிப் பூட்டியவன் தன் ஞாபகசக்திக்கும் அஞ்சவேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டு வாங்கினேன்: பிரயாணத்துக்குப் பூட்டியது ஒன்று, வீட்டுக்குப் பூட்டாதது ஒன்று.

எந்தப் பெட்டகமும் தீர்க்காத குறை வேறொன்று உண்டு. ஏபிள்டன் லைவ் என்னும் இசை மென்பொருளில் செய்த பாட்டுக் கோப்பு, சாம்பிள்களைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் அவை இருக்குமிடத்தை மட்டுமே குறித்து வைத்திருக்கக்கூடும் என்பதை மறந்து, அந்தக் கோப்பை மாத்திரம் நகலெடுத்து வேறொரு கணினியில் திறந்து பார்த்தேன். தாளமில்லாத பாட்டு வந்தது. 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' என்ற கட்டளையை முன்னரே கொடுத்திருக்கவேண்டும். பிரதி எடுத்தவர்கள் அதைத் திறந்து கேட்டும் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பிரபலமாக்கிய புகைப்படக்காரர் பீட்டர் கிரோக் பார்த்தால், என் இரண்டு எஸ்.எஸ்.டி.யும் ஒரே வகை என்பார். மூன்றாவது பிரதி ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்கில் மைத்துனர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் எஸ்.எஸ்.டி.யில் பதிந்த மின்னூட்டம் மெல்லக் கசியுமாதலால், வீட்டிலுள்ளதை அமாவாசைக்கு அமாவாசை கணினியில் பொருத்தி, அந்த உடுக்கையைப் போல இனியும் தொலைந்துவிடக்கூடாத நாலைந்து ஒலிகளைக் கேட்டுவிட்டு எடுத்து வைக்கிறேன்.