தத்ரூபம் போதுமா?

‘தத்ரூபமாக இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லையென்று நம்மில் பலர் நினைக்கிறோம். கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சொல்லிடம் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. ஏன் என்று சொல்ல எனக்கு இரண்டு திரைப்படங்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டிலும் விஷயம், மிருகத்தின் ரோமம்.

கம்ப்யூட்டரில் ஒரு மிருகத்தின் உடம்பைச் செய்துவிடலாம். அதன் மேல் ரோமம் முளைக்கச் செய்வதுதான் கஷ்டம். 1989-ல் அமெரிக்காவில் கஜியா, கே என்ற இருவர் ஒரு கரடி பொம்மையைச் செய்து காட்டினார்கள். இழை இழையாக வரையாமல், உடம்பைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு படலத்தை வைத்து, அதில் வெளிச்சம் எப்படிச் சிதறும் என்று கணக்கிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இழைகளையே முளைக்க வைத்தார்கள். கலைஞர் சில இழைகளை மட்டும் வாரி வளைத்து விடுவார். இடைவெளியைக் கம்ப்யூட்டர் நிரப்பும். ஆனால் எல்லாம் ஒரே சீராக நின்றால் அது ரோமமல்ல, பிரஷ்! சில இழைகள் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில முரண்டு பிடிக்க வேண்டும். ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழ வேண்டும்.

2001-ல் பிக்ஸார் ஸ்டூடியோவின் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ வந்தது. அதில் ஸல்லி என்ற பூதத்துக்குச் சுமார் 23 லட்சம் இழைகள். நடந்தால் அசைகின்றன, பனியில் போனால் பனி ஒட்டிக்கொள்கிறது. நிறமோ நீலப்பச்சை, அதில் ஊதாப் புள்ளிகள். எந்தக் காட்டில் இப்படி ஒரு பிராணி உண்டு? இருந்தும் ஒரு சின்னக் குழந்தை அதைக் கட்டிக்கொள்ளும்போது, அந்த மென்மை நம் கைக்கும் தெரிகிறது. கடைசியில் அவன் ஒரு கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறான். குழந்தையின் குரல் கேட்கிறது, முகம் மலர்கிறது. ரோமத்தை நாம் மறந்தே போகிறோம்.

2019-ல் வந்தது ஜான் ஃபாவ்ரோவின் ‘த லயன் கிங்’. ஆரம்பத்துச் சூரியோதயம் ஒன்றைத் தவிர அதில் எல்லாமே கம்ப்யூட்டரில் பிறந்தவை. ரோமத்தில் என்னால் ஒரு குற்றமும் காண முடியவில்லை. ஆனால் தகப்பன் சிங்கம் செத்துக் கிடக்கிறது. குட்டியின் குரல் அழுகிறது, முகம் சும்மா இருக்கிறது. நிஜச் சிங்கத்தின் முகம் அப்படித்தான் என்பார்கள். வாஸ்தவம். நிஜச் சிங்கம் பாடுவதும் இல்லையே! பாடும் என்று ஒப்புக்கொண்ட பிறகு முகம் மட்டும் அசையக் கூடாது என்பது என்ன நியாயம்?

அதே படத்தில் சிம்பாவின் ரோமக் கற்றை ஒன்று காற்றிலும் ஆற்றிலும் மிதந்து, ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றில் புகுந்து, சாணவண்டு உருட்டும் உருண்டையில் வெளிப்பட்டு, எறும்புகள் சுமக்க ஒரு குரங்கின் கைக்குப் போய்ச் சேருகிறது. வாய் பேசாத அந்தக் கற்றைதான் அங்கே எனக்குப் பிடித்த பாத்திரம். சிங்கத்தை விட அதன் ரோமம் நன்றாக நடித்துவிட்டது என்றால், தவறு ரோமத்தினுடையது அல்ல.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர் கேட்கலாம். என் நாவல் ஒன்றில் ஒரு வீட்டின் திண்ணை, தூண், உத்தரம், முற்றத்துப் பாசி என்று நாலு பக்கம் வர்ணித்தேன். அந்த வீட்டுக்காரி ஏன் அழுதாள் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டேன். ‘தத்ரூபம்’ என்று கடிதங்கள் வந்தன. அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.