எழ மறுத்த கணிப்பொறிகளும் ஓர் அறிக்கையும்

கணிப்பொறி நிறுவனங்கள் தம் தவற்றைத் தாமே ஆராய்ந்து வெளியிடும் அறிக்கைகள் பெரும்பாலும் படிக்கத் தக்கவையாக இருப்பதில்லை. சிலருக்குச் சிரமம் நேர்ந்தது, வருந்துகிறோம் என்ற அளவில் முடிந்துவிடும். கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 ஆகஸ்டு 6-ஆம் நாள் வெளியிட்ட மூலகாரண அறிக்கை அத்தகையதன்று. கணிப்பொறி இயல் பயிலும் மாணவர் எவரும் அதைப் படித்துப் பயன்பெறலாம். எனினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. அதைச் சொல்லுமுன் நடந்தது யாது என்று பார்ப்போம்.

இந்நிறுவனம் ஃபால்கன் என்ற காவல் மென்பொருளை விற்கிறது. கணிப்பொறிக்குள் வைரஸ் முதலிய தீய நிரல்கள் நுழையாமல் காப்பது அதன் வேலை. விமானக் கம்பெனிகள், வங்கிகள், மருத்துவமனைகள் ஆகியவை இதனைப் பயன்படுத்துகின்றன. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, ‘சேனல் ஃபைல் 291’ எனப்படும் சிறு கோப்பு ஒன்றின் புதிய பதிப்பை அந்நிறுவனம் இணையம் வழியே அனுப்பியது. தவறு தெரிந்து 10.57-க்குத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் கழிந்தவை 78 நிமிடங்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன என்பது மைக்ரோசாப்டின் கணக்கு. அந்நேரத்தில் அணைந்திருந்தவை தப்பின. ஐதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஐந்து நாட்களில் ஏறக்குறைய 7,000 விமானப் பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது.

காரணம் என்ன? இங்குதான் அறிக்கை சிறப்பாக விளக்குகிறது. கோப்பில் இருந்த விதி 21 விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஆனால் காவல் மென்பொருள் அதற்கு எடுத்துக் கொடுத்தவை 20 மட்டுமே. இருபது அறைகள் கொண்ட ஓர் அலமாரியில் இருபத்தொன்றாம் அறைக்குள் கைவிடுவது போன்ற செயல் இது. கை சுவரில் இடிக்கும்.

இத்தவறு பிப்ரவரியிலேயே உள்ளே புகுந்துவிட்டது. ஜூலை வரை ஏன் வெளிப்படவில்லை என்ற கேள்வி எழும். அதுவரை அனுப்பிய விதிகளிலெல்லாம் 21-ஆம் இடத்தில் ‘எதுவாயினும் சரி’ என்னும் பொருள்படும் குறியே இருந்தது. எதுவாயினும் சரி எனும்போது பார்க்கவே வேண்டியதில்லை அல்லவா? ஜூலை 19 அன்றுதான் அவ்விடத்தில் குறிப்பிட்டதொன்றைத் தேடும்படி விதி வந்தது. கை இடித்தது. கோப்பைச் சரிபார்க்கும் நிரலோ, 21 விவரங்களும் வருமென்று நம்பி நற்சான்று கொடுத்துவிட்டது. பிழை எங்கோ ஒளிந்திருந்து, அதற்கேற்ற சூழ்நிலை வாய்க்கும்போது வெளிப்படும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

சாதாரண நிரல் ஒன்று இவ்வாறு தவறினால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். ஃபால்கன் இயங்குவதோ ‘கெர்னல்’ எனப்படும் கருப்பகுதியில். அங்கே தவறு நேர்ந்தால், தகவல்கள் கெட்டுப் போகாதிருக்கும் பொருட்டு விண்டோஸ் முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும். அதுவே நீலத்திரை. இதுவரை அறிக்கையுடன் நமக்கு வழக்கில்லை.

நிற்க. விழுந்த இயந்திரம் ஏன் எழவில்லை? மக்கள் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி இதனால் வந்ததே. திருடன் உள்ளே வருமுன் காவலன் இருக்க வேண்டும் என்பதற்காக, கணிப்பொறி விழிக்கும்போதே முதல் வரிசையில் ஏற்றப்படும் நிரல்களுள் ஃபால்கனும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு முறை மின்விசையைத் தட்டும்போதும் ஃபால்கன் எழும், கெட்ட கோப்பைப் படிக்கும், இயந்திரம் விழும். திருத்திய கோப்பு இணையத்தில் காத்திருக்கிறது. அதைப் பெற இயந்திரம் எழ வேண்டும். எழுவதற்கோ திருத்திய கோப்பு வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்!

முடிவில் மனிதன் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் நேரில் போய் உட்கார வேண்டியதாயிற்று. மிகக் குறைந்த நிரல்களுடன் விண்டோஸை எழுப்பும் ‘சேஃப் மோடு’ என்ற நிலைக்குக் கொண்டுபோய், அந்நிறுவனத்தின் கோப்புறையில் ‘சி-00000291’ என்று தொடங்கும் கோப்பை அழித்து, மீண்டும் இயக்க வேண்டும். தெரிந்தவர்க்குச் சில நிமிட வேலை. ஆனால் பல அலுவலகங்களில் வட்டுகள் ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். சில இடங்களில் அந்த எண்கள் சேமிக்கப்பட்டிருந்த கணிப்பொறிகளும் சேர்ந்தே விழுந்து கிடந்தன.

தொலைவிலுள்ள தன் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு மைக்ரோசாப்டு சொன்ன யோசனை இன்னும் விந்தையானது: 15 முறை வரைகூட மீண்டும் மீண்டும் இயக்கிப் பாருங்கள் என்றது. கேட்பவர்க்கு மந்திரம் போலத் தோன்றும். அதில் பொருள் உண்டு. ஒவ்வொரு முறையும் இயந்திரம் விழுமுன் ஒரு நொடிப்பொழுது இணையத் தொடர்பு கிடைக்கலாம். அந்த ஓட்டப் பந்தயத்தில் திருத்திய கோப்பு முந்திவிட்டால் பிழைத்தது. ஆயினும், இதையும் ஒரு மீட்பு முறையாகச் சொல்ல நேர்ந்ததே வருந்தத் தக்கது. 99 விழுக்காடு இயந்திரங்கள் திரும்பி வர ஜூலை 29 ஆயிற்று. அனுப்பியதைத் திரும்பப் பெற 78 நிமிடம். விழுந்ததை எழுப்பப் பத்து நாள்.

இப்போது அறிக்கையின் குறைக்கு வருவோம். அது ஆறு குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. விவரங்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கவில்லை, எல்லைச் சோதனை இல்லை, சோதனைகள் போதாது, சரிபார்க்கும் நிரலிலேயே பிழை, கோப்பை உண்மையில் இயக்கிப் பார்க்கவில்லை, படிப்படியாக அனுப்பவில்லை என்பன அவை. ஆறும் உண்மையே. ஆறும் விழாமல் இருப்பதைப் பற்றியவை. விழுந்தபின் தானே எழுவதைப் பற்றி ஏழாவதாக ஒன்று இல்லை. ‘இரண்டு முறை தொடர்ந்து விழுந்தேன், கடைசியாக வந்த கோப்பை ஒதுக்கிவிட்டு முந்தியதைக் கொண்டு எழுகிறேன்’ என்று அந்த மென்பொருள் ஏன் செய்யவில்லை? இக்கேள்விக்கு அறிக்கை விடை தேடவேயில்லை.

இது செய்ய முடியாத காரியமும் அன்று. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, நினைவகக் கோப்புகள் பெருகியதால் அறுபது முறைக்கு மேல் தன்னைத் தானே மீண்டும் இயக்கித் தவித்தது. இரவில் உறங்காமல் மின்கலத்தை வீணாக்கிக்கொண்டிருந்தது. நேரில் போய்ச் சாவி தட்ட ஆளில்லை. ஊர்தி இருந்ததோ 17 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் கெட்ட நினைவகத்தைத் தொடாமலே எழும் ஒரு நிலையை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து கட்டளை போயிற்று, ஊர்தி எழுந்தது. பிறகு பல ஆண்டுகள் உழைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல கைப்பேசிகளில் இயக்க அமைப்புக்கு இரு இடங்கள் உண்டு. புதியது வெறுமையான இடத்தில் எழுதப்படும். அது எழத் தவறினால் பேசி பழைய இடத்திற்குத் திரும்பிவிடும். கையடக்கப் பேசிக்கு இருக்கும் இவ்வசதி மருத்துவமனைக் கணிப்பொறிக்கு இல்லாதிருந்தது.

மைக்ரோசாப்டு இதனை ஒருவாறு உணர்ந்தது. எழ இயலாத இயந்திரம் தன் மீட்புச் சூழலிலிருந்தே இணையத்தைத் தொட்டுத் திருத்தத்தைப் பெறும் ‘விரைவு இயந்திர மீட்பு’ என்ற வசதியை 2024 நவம்பரில் அறிவித்து, 2025-இல் விண்டோஸ் 11-இல் சேர்த்தது. வீட்டுக் கணிப்பொறிகளில் அது தானே செயல்படும்படி வந்தது. அலுவலகக் கணிப்பொறிகளிலோ நிர்வாகியின் விருப்பத்திற்கு விடப்பட்டது. 2024 ஜூலையில் விழுந்தவை பெரும்பாலும் அலுவலகக் கணிப்பொறிகளே.